சிலைத் திருட்டின் `இரண்டாம் பாகம்' எங்கே நடக்குது? பழம்பொருள் வாங்கும் கொங்கு வீடுகள் தெரிஞ்சுக்க வேண்டிய க்ரைம் கதை

தமிழ்ல க்ரைம் நாவல்னாலே கோயம்புத்தூர் ஞாபகம் வந்துடும். 1,500-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமார் இந்த ஊர்க்காரர். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பாக்கெட் நாவலை வாங்கிக்கிட்டு ஏறினா, ஈரோடு வர்றதுக்குள்ள கொலையாளி மாட்டியிருப்பான். அந்த மாதிரிக் கதைகளுக்குப் பிடிச்ச விஷயங்களில் ஒன்று சிலைத் திருட்டு. அமாவாசை இருட்டு, உடைக்கப்பட்ட பூட்டு, சாக்குப்பையில் ஐம்பொன் சிலை, நெடுஞ்சாலையில் போலீஸ் துரத்தல். கடைசி அத்தியாயத்தில் சிலை மீட்கப்படும், சுபம்.

நிஜத்தில் இது முதல் பாகம் மட்டும்தான். பூட்டை உடைக்கிறவனுக்குக் கிடைப்பது கூலி. பெரிய பணம் இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறது. அதில் கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஏ.சி அறையில் ஒருவர் உட்கார்ந்து, ஒரு பழைய ரசீதையும் ஒரு கடிதத்தையும் தயார் பண்ணுவார். திருட்டுச் சிலைக்கு ஒரு `குடும்ப வரலாறு' பிறக்கும். அந்தக் காகிதம் இருந்தால் சிலை உலகின் எந்தப் பெரிய மியூசியத்துக்குள்ளும் போகலாம்.

இப்போ வீட்டு வரவேற்பறையில் பழைய தூண், ரெசார்ட் வாசலில் செட்டிநாட்டுக் கதவு, காபி ஷாப் அலமாரியில் ரயில் கூஜா என்று பழம்பொருள் ஆசை கொங்கு மண்டலத்தில் நன்றாகவே பரவியிருக்கிறது. உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடுகிறவர்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கும் கொச்சி மட்டாஞ்சேரிக்கும் கார் எடுத்துப் போகிறவர்கள் எல்லோருமே இந்த இரண்டாம் பாகத்தைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வாங்குகிறவரும் அந்தக் கதையில் ஒரு பாத்திரம்தான்.

50 லட்சம் டாலருக்கு ஒரு கடிதம்

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கிராமத்தில் சோழர் காலத்து பிரகதீஸ்வரர் கோயில் இருக்கிறது. பூஜை நின்றுபோய், பூட்டியே கிடந்த கோயில். 2006-ல் அங்கிருந்த நடராஜர் உள்ளிட்ட சிலைகள் ஒவ்வொன்றாகத் திருடப்பட்டன. ஊருக்குத் தெரியாது. சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுவதற்காக 2008-ல் அதிகாரிகள் வந்து கோயிலைத் திறந்தபோதுதான் உள்ளே எதுவும் இல்லை என்பது தெரிந்தது.

அதற்குள் நடராஜர் கடல் தாண்டிவிட்டார். நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் கேலரி நடத்திய சுபாஷ் கபூர் என்ற வியாபாரியிடமிருந்து, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008 பிப்ரவரியிலேயே அந்தச் சிலையை வாங்கியிருந்தது. விலை 50 லட்சம் அமெரிக்க டாலர்.

இவ்வளவு பெரிய நிறுவனம் விசாரிக்காமலா வாங்கும்? விசாரித்தது. அதற்கென்றே பதில் தயாராக இருந்தது. டெல்லியில் பணியாற்றிய சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970 வாக்கில் சிலையை வாங்கினார், பிறகு அது அவருடைய மனைவியிடம் வந்தது, அவரிடமிருந்து கபூர் வாங்கினார் என்று ஆவணங்கள் சொல்லின.

ஏன் குறிப்பாக 1970? இந்தியாவில் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் வந்தது 1972-ல். கலாசாரச் சொத்துகளின் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970-ல் உருவானது. இந்தத் தேதிகளை ஒட்டியோ அதற்கு முன்போ ஒரு பொருள் கைமாறிவிட்டதாகக் காட்டினால், பெரும்பாலான கேள்விகள் அடங்கிவிடும். போலிக் கதை எழுதுகிறவர்களுக்கு அதனால்தான் 1960-களின் கடைசி மேல் அவ்வளவு பிரியம்.

இன்னொரு வசதியும் அவர்களுக்கு இருந்தது. திருடுபோன கலைப்பொருள்களுக்கான சர்வதேசப் பட்டியல்களில் தேடினாலும் இந்த நடராஜர் வரமாட்டார். களவு போனதே ஊருக்குத் தெரியாதபோது யார் புகார் கொடுத்திருப்பார்கள்?

கதையைக் கவிழ்த்தது ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ

இந்தப் போலி வரலாற்றை உடைத்ததில் பெரிய பங்கு துப்பாக்கிக்கு இல்லை, ஒரு போட்டோவுக்குத்தான். 1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. 1990-களில் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் எடுத்த படமும் அதில் இருந்தது. 1970-லேயே டெல்லியில் விற்கப்பட்டதாகச் சொன்ன நடராஜர், 1990-களில் தன் சொந்தக் கோயிலில் நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் படத்தையும் ஆஸ்திரேலியாவில் இருந்த சிலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். கையால் மெழுகில் செய்து வார்க்கப்படும் சிலைகளில் இரண்டு ஒன்றுபோல இருக்காது. திருவாசியின் சுடர், வார்ப்பில் விழுந்த சின்னக் குறை, தேய்மானம் எல்லாம் சேர்ந்து அதன் கைரேகை மாதிரி.

கபூர் 2011 அக்டோபரில் ஜெர்மனியின் பிராங்பேர்ட்டில் கைதானார். 2012-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். அரியலூர் மாவட்டக் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. நடராஜர் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். 2014 செப்டம்பரில் அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து ஒப்படைத்தார். இந்த முழு வலைப்பின்னலையும் சிலை மீட்பு ஆர்வலர் எஸ்.விஜய் குமார் 2018-ல் ஆங்கிலத்தில் புத்தகமாகவே எழுதினார். நாவலைவிட வேகமாக நகரும் நிஜக் கதை அது.

இடம் மாறிய சிலை, சாட்சி சொன்ன கறையான்

ஸ்ரீபுரந்தானுக்கு முன்பே இரண்டு பெரிய வழக்குகள் இதே பாடத்தைச் சொல்லியிருக்கின்றன.

முதலாவது கும்பகோணம் பக்கத்து சிவபுரம். 1950-களில் அந்தக் கோயில் நடராஜரைச் செப்பனிட வெளியே கொடுத்தார்கள். திரும்பி வந்தது அச்சு அசலாகச் செய்த நகல். ஊர் அந்த நகலைத்தான் கும்பிட்டது. அசல் பம்பாய் வழியாக நியூயார்க் போய், 1973-ல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் சுமார் 9 லட்சம் டாலருக்கு விலைபோனது. இந்திய அரசு வழக்கு போட, 1976-ல் சமரசம் ஏற்பட்டு, 1986-ல் சிலை இந்தியா திரும்பியது. இந்தக் கதையில் பூட்டே உடையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது திருவாரூர் பக்கத்து பத்தூர். 1976-ல் ஒரு தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது புதைந்திருந்த நடராஜர் கிடைத்தார். கை மாறி மாறி லண்டன் போன சிலையை, பொய்யான பூர்விகத்தோடு ஒரு கனடா நிறுவனம் வாங்கியது. `நாங்கள் நல்லெண்ணத்தோடு, காசு கொடுத்து வாங்கினோம்' என்பதுதான் அவர்கள் வாதம். லண்டன் நீதிமன்றத்தில் அந்தக் கோயிலின் சார்பிலேயே உரிமை கோரப்பட்டது. கோயிலில் இருந்த சிவலிங்கமும் ஒரு வாதியாக நின்றது! சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும்கூட நிபுணர்கள் ஆராய்ந்து சாட்சி சொன்னார்கள். தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாக வந்து, 1991-ல் சிலை தமிழகம் திரும்பியது.

வாங்குகிறவர்களுக்கு பத்தூர் வழக்கு சொல்லும் சேதி ரொம்ப எளிமையானது. `எனக்குத் தெரியாதுங்க, கடைக்காரர் சொன்னாருங்க' என்பது பொருளையும் காப்பாற்றாது, கொடுத்த பணத்தையும் காப்பாற்றாது.

நம்ம வீட்டுப் பொருள் எதெல்லாம் `தொல்பொருள்'?

1972 சட்டத்தின்படி 100 வருஷத்துக்குக் குறையாத வயதுள்ள சிற்பம், ஓவியம், காசு, கல்வெட்டு, கலைநயமுள்ள கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள்கள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 வருஷம் போதும்.

இதைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். தொல்பொருளைச் சொந்தமாக வைத்திருப்பது குற்றம் கிடையாது. அம்மாயி சீராகக் கொண்டுவந்த அண்டாவையும், அப்புச்சி நெல் அளந்த வள்ளத்தையும் யாரும் வந்து தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். ஆனால் நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்.

பதிவு: அரசு அறிவித்துள்ள சில வகைகளை, குறிப்பாகப் பழைமையான கல், உலோக, மரச் சிற்பங்கள், ஓவியங்கள் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். பதிந்த பொருள் வேறொருவருக்குப் போனால் அதையும் தெரிவிக்க வேண்டும். பூஜை அறையில் தலைமுறை தலைமுறையாக ஒரு ஐம்பொன் சிலை இருக்கிறதென்றால், பதிவுச் சான்று உங்களுக்குப் பாதுகாப்புதான்.

உரிமம்: தொல்பொருளை வியாபாரமாக விற்கிறவருக்கு அரசு உரிமம் வேண்டும். `இருநூறு வருஷப் பழசுங்க' என்று சொல்லி விலை ஏற்றுகிற கடைக்காரரிடம் `லைசென்ஸ் இருக்குங்களா?' என்று கேளுங்கள். இருநூறு வருஷம் சட்டென்று எண்பது வருஷமாகக் குறைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஏற்றுமதி: தனிநபர் யாரும் தொல்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மகளுக்கு அமெரிக்காவில் கிரகப்பிரவேசம் என்று நூறு வருஷத்துச் சாமி சிலையைப் பெட்டியில் வைத்து அனுப்பினாலும் அது சட்டப்படி குற்றம்தான். குறைந்தபட்சம் 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. புதுச் சிலையாக இருந்தாலும் பழசுபோலத் தெரிந்தால், `இது தொல்பொருள் இல்லை' என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது. சுவாமிமலையிலிருந்து புதுச் சிலை ஏற்றுமதி செய்கிறவர்கள் வாங்குவதும் இந்தச் சான்றிதழைத்தான். கடத்தல்காரர்கள் அசல் சிலையைப் `புதுக் கைவினைப் பொருள்' என்று சொல்லி அனுப்பப் பார்ப்பதும் இதே வழியில்தான்.

தந்தம்: யானைத் தந்தப் பொருள் எவ்வளவு பழசாக இருந்தாலும் அதை வாங்கவோ விற்கவோ கூடாது. அதற்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

தூண், கதவு, ஊஞ்சல் பலகை, கூஜா மாதிரி வீட்டுப் பொருள்களை வாங்குவதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து நேராகக் கடைக்கு வருகிறவை அவை. அப்போதும் மூன்று கேள்வி கேட்கலாம். எந்த ஊர், எந்த வீட்டிலிருந்து வந்தது? எப்போது வாங்கினீர்கள்? இதையெல்லாம் பில்லில் எழுதித் தருவீர்களா? நேர்மையான வியாபாரி முதல் இரண்டுக்குப் பதில் சொல்வார், மூன்றாவதற்குப் பேனா எடுப்பார்.

சாமி சிலை, வாகனத்தின் தலை, தேரில் பொருத்தும் மரச்சிற்பம், கோயில் மணி, திருவாசி, நடுகல் என்று எதுவானாலும் கூடுதல் கவனம் வேண்டும். இவை வீட்டுக்காகச் செய்யப்பட்டவை இல்லை. எங்கேயோ ஒரு கோயிலிலோ, ஊர் எல்லையிலோ இருந்தவை. `பழைய ஜமீன் குடும்பம், பேரு வேண்டாம்னுட்டாங்க' என்று ஒரு கதை வந்தால், சூடான் தூதரக அதிகாரியை நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

எதிர்ப்பக்க ஏமாற்றும் உண்டு. புதுச் சிலையில் ரசாயனம் பூசி, மண்ணில் புதைத்து எடுத்துப் பழசாக்கி விற்பார்கள். வாங்கியது போலி என்றால் பணம் போச்சு. அசல் என்றால் போலீஸ் வரலாம். பூர்விகம் தெரியாத சிலையில் இரண்டுமே வாங்குகிறவருக்கு நஷ்டம்தான்.

கொங்கு மண்ணுக்கு அடியில்

இந்தப் பக்கம் தோண்டுகிற இடமெல்லாம் வரலாறு. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் கல்மணி செய்யும் தொழிற்கூடங்களே கிடைத்தன. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-ல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போதும், தென்னைக்குக் குழி எடுக்கும்போதும் பானையோ காசோ கிடைத்தால், இந்தியப் புதையல் சட்டம் 1878-ன்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். `கெடச்சது நம்ம காட்டுல, நம்ம சொத்து' என்று தரகரிடம் போனால், காசு மட்டுமல்ல, அது எந்த ஆழத்தில் எதோடு கிடந்தது என்ற சேதியும் சேர்ந்தே தொலைந்துவிடும்.

செப்பேடுகளும் ஓலைப் பட்டயங்களும் இதே ரகம். கொங்குக் குடும்பங்கள் பெட்டிக்குள் வைத்திருந்த பட்டயங்களை ஈரோட்டைச் சேர்ந்த கல்வெட்டறிஞர் புலவர் செ.இராசு தேடிப் படித்துப் பதிப்பித்ததால்தான் இந்த மண்ணின் சமூக வரலாறு பலவும் நமக்குத் தெரிகிறது. படித்துப் படமெடுத்த செப்பேடு திருடுபோனாலும் அதன் சேதி பிழைத்துக்கொள்ளும். படிக்காத செப்பேடு எடைக்குப் போனால் பேரீச்சம்பழம்தான் மிச்சம்.

இந்த நோம்பிக்கு ஒரு வேலை

கொங்கு நாட்டில் பல குலதெய்வக் கோயில்கள் அமாவாசைக்கும் நோம்பிக்கும்தான் கலகலப்பாக இருக்கும். மற்ற நாள்களில் பூட்டும் பூசாரியும்தான் காவல். ஸ்ரீபுரந்தானும் பூட்டிய கோயில்தான். வித்தியாசம் என்னவென்றால், அந்தக் கோயிலை யாரோ ஒருத்தர் முன்னாடியே படம் எடுத்து வைத்திருந்தார். உங்கள் குலதெய்வக் கோயிலை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்?

அடுத்த தடவை பொங்கல் வைக்கப் போகும்போது, செல்ஃபி எடுப்பதற்கு முன் கோயில் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு இதைச் செய்யலாம். உற்சவர், விளக்கு, மணி, நடுகல் ஒவ்வொன்றையும் முன், பின், பக்கவாட்டில் அலங்காரம் இல்லாமல் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து உயரம், அகலம் குறியுங்கள். எழுத்து பொறித்திருந்தாலும், விரல் உடைந்திருந்தாலும், கீறல் இருந்தாலும் கிட்டத்தில் ஒரு படம் தேவை. மியூசியங்கள் உலகம் முழுக்கப் பின்பற்றும் `ஆப்ஜெக்ட் ஐடி' முறையும் ஏறக்குறைய இதுதான். படங்களை மூன்று, நான்கு பங்காளிகளின் வீட்டிலும், கோயில் நிர்வாகத்திடமும் தனித்தனியாகச் சேமித்து வையுங்கள். சோஷியல் மீடியாவில் ஊர் பெயரோடு போட வேண்டாம். அது திருடனுக்குக் கொடுக்கும் கேட்டலாக்.

வீட்டிலும் இதையே செய்யலாம். நம் முன்னோருக்கு இது புதுசும் இல்லை. சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுத்தார்களே, அதுதான் நம்ம ஊர் உரிமைப் பத்திரம். எந்தப் பேர் யாருடையது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். பழைய சிலையைப் பளபளப்புக்காகப் புளியும் பவுடரும் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். அதன்மேல் படிந்த நிறமும் அதன் வயதுக்குச் சாட்சி.

கோயில் சிலை காணாமல் போனால் உள்ளூர் காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர் நகல் வாங்குங்கள். 1983-ல் தொடங்கப்பட்ட சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு தமிழகக் காவல்துறையில் இதற்கென்றே இருக்கிறது. `சாமி விஷயம், ஊர் மானம் போயிரும்' என்று மூடி மறைக்கிற ஒவ்வொரு மாதமும், எங்கேயோ ஒருவர் அந்தச் சிலைக்கு 1968-ம் வருஷத்து ரசீது ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டிருப்பார். அதற்கு முன்னால் நம்மிடம் ஒரு போட்டோ இருக்கட்டும்.